கூறைச்சேலைக்குக் கீழே ஒன்பது கசட்டுகள்

அம்மாவின் அலுமாரியில், கூறைச்சேலைக்குக் கீழே ஒன்பது வீ.எச்.எஸ். வீடியோ கசட்டுகள் இருந்தன. அம்மா அப்பாவின் கல்யாணம், அக்காவின் சாமத்தியவீடு (பூப்புனித விழா), ரொறன்ரோவில் நடந்த மாமாவின் கல்யாணம், டிவியிலிருந்து பதிந்த சில. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் மூன்று நிமிட நடைதான். வாங்கிய பூட்டு அடுத்த வருஷமே துருப்பிடிக்கிற காற்று. அதில் இருபது வருஷமாகக் கிடந்த கசட்டுகள். அவற்றை ஓட்டும் டெக் எப்போதோ பழுதாகி, பழைய சாமான்காரரிடம் போய்விட்டது.

எனக்கு வேண்டியிருந்தது கல்யாணக் கசட்டு. அதில் அம்மம்மா இருக்கிறார். நான் பிறக்க முன்பே போய்விட்டவர். படத்தில் முகம் தெரியும், குரல் தெரியாது.

முதலில் அக்காவின் கசட்டை ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தோம். டிவிடியாகத் திரும்பி வந்தது. பழைய வீடியோவின் படச்சட்டம் அகலம் நாலுக்கு உயரம் மூன்று. அதை அகலத் திரைக்கு இழுத்து விட்டதில் எல்லோரும் குண்டாகவும் குட்டையாகவும் தெரிந்தார்கள். ஆராத்தி எடுக்கும் இடத்தில் வெறும் நீலத் திரை. நாடாவில் சிக்னல் கொஞ்சம் தளர்ந்தால் டெக் தானாகவே நீலத் திரையைப் போட்டுவிடும் என்பதும், அதை மெனுவில் நிறுத்தலாம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. கல்யாணக் கசட்டை அப்படி யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. நாங்களே செய்வதென்று முடிவெடுத்தோம்.

வீ.எச்.எஸ். டெக்கைக் கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆகவே இப்போது கிடைப்பதெல்லாம் பழையவைதான். சித்தப்பாவின் வீட்டில் ஒன்று கிடந்தது. புறக்கோட்டையில் ரேடியோ, டிவி திருத்தும் ஒரு நானாவிடம் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றியதும் அவர் காட்டியது ரப்பர் பெல்ட்டை. விரலால் தொட்டதும் பிசின்போல ஒட்டியது. “தம்பி, இதோட போட்டிருந்தா கசட்டைச் சாப்பிட்டிருக்கும்” என்றார். பெல்ட்டையும் நாடாவை இழுக்கும் ரப்பர் உருளையையும் மாற்றினார். நடுவில் இருக்கும் பளபளப்பான உருளையில்தான் நாடாவைப் படிக்கும் ஹெட் இருக்கிறது. நம் நாட்டில் உள்ள பால் (PAL) என்ற வீடியோ முறையில் அந்த உருளை நிமிடத்துக்கு 1500 தடவை சுற்றும். அதைத் துடைக்கும் முறையையும் காட்டித் தந்தார். ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த மான்தோல் துண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு உருளையை மட்டும் கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். பஞ்சுக் குச்சி கூடவே கூடாது, நார் மாட்டிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்து உடனே கசட்டைப் போடவில்லை. இதை வாசிப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்பதும் இதைத்தான்: போட்டுப் பார்க்கலாமே என்று போட்டுவிடாதீர்கள். முதலில் கசட்டின் கண்ணாடி வழியாக டோர்ச் அடித்துப் பாருங்கள். சுற்றியிருக்கும் நாடாவின் பக்கவாட்டுப் பகுதி கறுப்பாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். எங்கள் ஒன்பதில் மூன்றில் மாப் பூசியதுபோல வெள்ளையாக இருந்தது. பூஞ்சணம். அப்படியே ஓடவிட்டால் டெக்குக்குள் கொட்டி, அடுத்துப் போடும் நல்ல கசட்டுக்கும் தொற்றும். கல்யாணக் கசட்டு அந்த மூன்றில் ஒன்று.

அந்த மூன்றையும் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிப் போட்ட டப்பாவில் இரண்டு வாரம் வைத்தேன். ஈரம் போனால் பூஞ்சணம் காய்ந்து பொடியாகிவிடும். பிறகு மாஸ்க் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் வேலை. கசட்டின் அடியில் ஐந்து ஸ்க்ரூ. அவற்றைக் கழற்றிய பிறகு, திறக்குமுன் கவிழ்த்த கசட்டை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன உருளைகளும் ஸ்பிரிங்கும் சிதறும். திறந்தவுடன் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். எது எங்கே இருந்தது என்று பிறகு தேடும்போது அந்தப் படம்தான் காப்பாற்றியது. மெல்லிய தூரிகையால் பக்கவாட்டைத் துடைத்து, இரண்டு சுருளையும் வேறொரு நல்ல கசட்டின் கூட்டுக்குள் மாற்றினேன். நாடாவின் பளபளப்பான முகத்தில் விரல் படவே கூடாது.

அரை அங்குல அகலம்தான் அந்த நாடா. பிளாஸ்டிக்கின் மேல் காந்தத் துகளைப் பசையோடு பூசியிருக்கிறார்கள். அந்தப் பசை ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி இளகுகிறது. கடற்கரை வீட்டில் நாம் அவசரப்பட வேண்டியது அதனால்தான்.

இன்னொன்று, கசட்டின் முதுகில் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டுப் போடுங்கள். அது இருந்தால், கை தவறி ரெக்கோர்ட் பட்டனை அழுத்தினால் மேலே பதிந்துவிடும்.

பரீட்சைக்கு முதலில் போட்டது 1996 உலகக் கிண்ண இறுதி ஆட்டம். லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 எடுத்த ஆட்டத்தைப் பரீட்சைக்குப் போடுவதா என்று தம்பி சண்டைக்கு வந்தான். அந்த ஆட்டம் எங்கும் கிடைக்கும், அம்மம்மா கிடைக்கமாட்டார் என்றேன். முழுதாக முன்னுக்கு ஓட்டி, பின்னுக்குச் சுற்றி, அப்புறம் பிளே. படம் வந்தது.

டெக்கிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்கள். அவை போவது வீடியோவை லப்டொப்புக்குள் பதிய யூஎஸ்பியில் செருகும் ஒரு கப்ச்சர் குச்சிக்கு. அதைப் பம்பலப்பிட்டியில் கொம்பியூட்டர் சாமான் விற்கும் கடையொன்றில் வாங்கினேன். கோப்புகள் மணிக்கு மூன்றரை ஜிபி அளவில் வந்தன. மாமாவின் ரொறன்ரோக் கசட்டு மட்டும் படுத்தியது. கனடாவில் பால் இல்லை, என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு வீடியோ முறை. எங்கள் டெக் ஓட்டியது, ஆனால் லப்டொப்பில் கறுப்பு வெள்ளையாகத்தான் வந்தது. மென்பொருளில் பால்-60 என்ற அமைப்பைத் தேர்ந்த பிறகுதான் மாமியின் சேலை சிவப்பானது.

இந்த வேலையை வேகப்படுத்த வழியே இல்லை. மூன்று மணி நேரக் கசட்டுக்கு மூன்று மணி நேரம். எனக்கு அது முதலில் பெரிய தொல்லையாகத்தான் பட்டது. ஆனால் கல்யாணக் கசட்டு ஓடும்போது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இது நல்லூர்ப் பெரியம்மா, இவர் அப்பாவோட கந்தோரில வேலை செய்தவர்” என்று சொல்லத் தொடங்கினார். உடனே போனை எடுத்து அம்மாவின் குரலைப் பதிந்தேன். எந்த நிமிடத்தில் யார் என்று ஒரு கொப்பியிலும் எழுதினேன். படம் மட்டும் பென் டிரைவில் இருந்து என்ன செய்ய? இன்னும் இருபது வருஷத்தில் அந்த முகங்களுக்குப் பெயர் சொல்ல ஆளிருக்காது. கசட்டு வைத்திருக்கும் எல்லோரும் வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குச் சடங்கு முடிந்து பெண்கள் பந்தலுக்குள் வருகிற இடம். கமெரா ஒரு வயதான பெண்ணின் பக்கம் திரும்புகிறது. அவர் சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு, “என்னை விடும் தம்பி, பிள்ளையை எடும்” என்கிறார். மெல்லிய, கொஞ்சம் மூக்கால் வருகிற குரல். அம்மா எதுவும் சொல்லவில்லை. டெக்கை நிறுத்தக்கூடாது என்பதால் அப்படியே ஓடவிட்டேன். முடிந்ததும் கோப்பைத் திறந்து, அந்த இடத்தை அம்மா மூன்று தடவை போடச் சொன்னார்.

இப்போது கோப்புகளின் ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று அக்காவின் வீட்டில், ஒன்று லண்டனில் சித்தியிடம். கசட்டுகளை எறியவில்லை. இலக்கம் போட்டு, புத்தகம்போல நிமிர்த்தி, கடல் காற்றுப் படாத உள்ளறையில் வைத்திருக்கிறோம். கொப்பியில் ஓரிடத்தில் மட்டும், தவிலுக்குப் பக்கத்தில் தூங்கி விழும் ஒரு பையனுக்கு நேரே கேள்விக்குறி இருந்தது. அம்மாவுக்கும் தெரியவில்லை. படத்தைச் சித்திக்கு அனுப்பினேன். அன்று இரவே பதில் வந்தது, மேளக்காரரின் கடைசி மகனாம், கல்யாணம் முடிந்தும் எழும்பாமல் அம்மம்மாவின் மடியிலேயே தூங்கினவனாம்.