‘புட்’ என்ற சொல்லும் அதைத் தொடர்ந்து வருபவையும்

குன்னூரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகள், ஆங்கிலத்தில் ‘புட்’ (put) என்றால் ‘வை’ என்று மட்டுமே அறிந்திருந்ததால், ‘புட் ஆஃப்’ தள்ளிப்போடுவதையும், ‘புட் அவுட்’ தீயை அணைப்பதையும், ‘புட் அப் வித்’ பொறுத்துக்கொள்வதையும் குறிப்பது கண்டு திகைத்தாள். “இதற்கு விதியே இல்லையா, பெரியம்மா?” என்று கேட்டாள். தமிழில் ‘கை’யோடு ‘விடு’ சேர்ந்து ‘கைவிடு’ என்று புதுப்பொருள் தருவதைக் காட்டினேன்; ‘கிவ் அப்’ உடனே விளங்கிவிட்டது.

பட்டியலை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. மழையால் ஊட்டிப் பயணத்தைத் தள்ளிப்போட்ட அன்றுதான் ‘புட் ஆஃப்’ அவள் மனத்தில் நிலைத்தது. சொல்வரிசையையும் கவனிக்க வேண்டும்: ‘அது’ என்னும் பொருள்தரும் ‘இட்’ வந்தால் ‘புட் இட் ஆஃப்’ என்று நடுவில்தான் நிற்கும், ஆனால் பார்த்துக்கொள்வதைக் குறிக்கும் ‘லுக் ஆஃப்டர்’ அவ்வாறு பிரியாது, ‘லுக் ஆஃப்டர் இட்’ என்றே வரும்.