எந்த லூப் வெளியே?

சில்லறைக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் உடனே கணினியைத் திறக்க விடமாட்டேன். முதலில் கட்டம் போட்ட தாளும் பென்சிலும்தான். 1, 2, 5 என மூன்று வகை நாணயங்கள், ஒவ்வொன்றிலும் வேண்டிய மட்டும் இருக்கிறது. 5 என்ற தொகையை எத்தனை விதமாகச் சேர்க்கலாம்?

0 முதல் 5 வரை ஆறு கட்டங்கள். 0-க்குரிய கட்டத்தில் 1 என்று எழுதச் சொல்வேன். "ஒன்றுமே தராதது ஒரு வழியா?" என்று யாராவது கேட்பார்கள். ஆமாம், எந்த நாணயத்தையும் எடுக்காமல் விடுவதற்கு ஒரே வழிதான் உண்டு. அங்கே 0 எழுதினால் மற்ற எல்லாக் கட்டங்களும் 0-விலேயே நின்றுவிடும்.

1 மட்டும் இருந்தால் எல்லாக் கட்டத்திலும் 1. அப்புறம் 2 வருகிறது. இடமிருந்து வலமாகப் போய், ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கு இரண்டு கட்டம் முன்னால் உள்ள எண்ணைக் கூட்ட வேண்டும்: 1, 1, 2, 2, 3, 3. கடைசியாக 5-ஐச் சேர்த்தால், இருக்கிற 3-உடன் தொடக்கக் கட்டத்தின் 1 சேர்ந்து 4. எழுதிப் பார்த்தாலும் அதே நான்குதான்: 5, 2+2+1, 2+1+1+1, 1+1+1+1+1.

நிரலாக எழுதினால் நாலைந்து வரிதான். லூப் என்றால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் பகுதி. நாணயத்துக்கான லூப் வெளியே, தொகைக்கான லூப் உள்ளே. இரண்டையும் இடம் மாற்றினால் பிழைச்செய்தி எதுவும் வராது, ஆனால் விடை 4-க்குப் பதில் 9 என்று வரும். காரணம் இதுதான்: நாணயம் வெளியே இருந்தால் 1-இன் வேலை முழுக்க முடிந்த பிறகே 2 உள்ளே வரும், பழையபடி 1-க்குத் திரும்ப வழியில்லை. தொகை வெளியே இருந்தால் ஒவ்வொரு தொகையிலும் எல்லா நாணயத்துக்கும் இடம் கிடைக்கிறது. அதனால் 2+2+1, 2+1+2, 1+2+2 மூன்றும் தனித்தனியே எண்ணப்படுகின்றன.

அந்த 9-ஐத் தப்பு என்று அடித்துவிட்டு நகர்வது எனக்குப் பிடிக்காது. வரிசையையும் கணக்கில் எடுத்தால் அதுதான் சரியான விடை. 5-ஐ நீக்கிவிட்டு 1, 2 மட்டும் வைத்துக்கொண்டு இதே லூப்பை ஓட்டுங்கள்: 1, 1, 2, 3, 5, 8. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் பிபனாச்சி எண்கள்! இத்தாலியக் கணிதர் பிபனாச்சியின் புத்தகம் 1202-இல் வந்தது. அதற்கு முன்பே, 12-ஆம் நூற்றாண்டில், சமண அறிஞர் ஹேமச்சந்திரர் யாப்புக்காக இதே கணக்கைப் போட்டிருக்கிறார். நம் குறில், நெடில் போலவே வடமொழி யாப்பில் லகு என்ற குறுகிய அசைக்கு 1 மாத்திரை, குரு என்ற நீண்ட அசைக்கு 2. ஐந்து மாத்திரையை இவற்றால் எட்டு விதமாக நிரப்பலாம். செய்யுளில் எது முன்னால் வருகிறது என்பதுதான் சந்தத்தையே தீர்மானிக்கிறது, சில்லறையில் அது பொருட்டே இல்லை.

சரி, பெரிய தொகைக்கு வருவோம். 1, 2, 5, 10, 20, 50 நாணயங்களால் 100-ஐ 4562 விதமாகச் சேர்க்கலாம். பட்டியல் போட்டு எண்ண உட்கார்ந்தால் எங்கே விட்டோம் என்பதே தெரியாது. கட்டத்தில் 518 கூட்டல் போதும். 100 நாணயத்தையும் சேர்க்கச் சொன்னால் கடைசிக் கட்டத்தில் இன்னும் ஒரே ஒரு கூட்டல், விடை 4563.