ஒத்தைக்கு நாக்பூர் வரை

நாகர்கோவிலிலிருந்து வடக்கே போகிற வண்டிகளில் பல, முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் முன்னால் ஒரு நிமிடமாவது நின்றுவிட்டுத்தான் போகும். இறங்க நேரமில்லாதவர்கள் வேகத்தைக் குறைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு கடப்பார்கள். சென்ற மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பாக நானும் அங்கே காரை நிறுத்தினேன். பின்னிருக்கையில் எட்டு வயது மகளும் நான்கு வயது மகனும் இரவு உடையோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். கோயில் வாசல் இருபது அடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் இறங்கிப் போக வேண்டுமானால் இருவரையும் எழுப்ப வேண்டும், அல்லது காருக்குள்ளேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். இரண்டுக்கும் மனம் ஒப்பாமல் இருக்கையில் இருந்தபடியே கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். நாக்பூர் வரைக்கும், சுமார் 1,750 கிலோமீட்டர் தூரமும், என்னைப் படுத்தப்போகிற சங்கடம் இதுதான் என்பது அப்போது விளங்கவில்லை. ஓட்டுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. நிறுத்துவதில்தான் இருந்தது அத்தனை பாடும்.

என் கணவருக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பள்ளி ஆண்டு முடியட்டும் என்று நானும் பிள்ளைகளும் இங்கேயே இருந்தோம். தேர்வுகள் முடிந்தபின் காரையும் அங்கே கொண்டுபோக வேண்டியிருந்தது; அவருக்கோ விடுப்பு கிடைக்கவில்லை. கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் நாக்பூர் வழியாகத்தானே போகிறது, பிள்ளைகளோடு அதில் ஏறிக்கொண்டு காரை லாரியில் அனுப்பினால் என்ன என்று கேட்காத உறவினர் இல்லை. கேள்வி நியாயமானதுதான். ஆனால் எனக்கு அந்தச் சாலையை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. “ஒத்தைக்கா போற மக்களே?” என்று மாமி ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், போகட்டும் என்று ஒரு மட்டி வாழைக்குலையை வெட்டிவந்து காரின் பின்பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டார்.

தக்கலை – குலசேகரம் சாலையில் எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கி ஒதுங்கி வண்டி ஓட்டப் பழகியவர்களுக்கு நான்குவழிச் சாலை ஒரு பொருட்டே அல்ல. காவல்கிணற்றில் ஏறினால் ஏறியதுதான். 2010இல் எண்களை மாற்றி 44 என்று பெயரிட்ட பிறகும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஏழாம் நம்பர் ரோடு என்றே சொல்லுகிற அந்த நெடுஞ்சாலை, கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை 3,745 கிலோமீட்டர் ஓடுகிறது. எனக்கு வேண்டியது அதில் பாதிக்கும் குறைவான தூரம். ஒரு திருப்பமும் கேட்காமல் அது என்னை நாக்பூரில் கொண்டுபோய் விட்டுவிடும்.

பின்னிருக்கையில் சின்னவனுக்கென்று தனி இருக்கையை இறுக்கமாகப் பொருத்தியிருந்தேன். “மடியில் வைத்துக்கொண்டுதானே நாமெல்லாம் வளர்த்தோம்” என்று சிரித்தவர்கள் உண்டு. மடியில் வைத்துக்கொள்ள இன்னொரு பெரியவர் வண்டியில் இல்லையே என்று பதில் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அபராதம் என்றதும் சிரிப்பு நின்றது. உயிருக்கு இல்லாத மதிப்பு ஆயிரம் ரூபாய்க்கு இருக்கிறது.

மூத்தவளுக்குக் காரில் வாந்தி வரும். காது உள்ளே வண்டியின் அசைவை உணர்ந்துகொண்டிருக்க, கண் மட்டும் அசையாத திரையையோ புத்தகத்தையோ பார்த்துக்கொண்டிருந்தால் மூளை குழம்பிப்போய் வயிற்றைப் புரட்டும். ஆகையால் கைபேசியைக் கொடுத்து இருவரையும் அடக்கிவைக்கும் வழி எனக்கு முதலிலேயே அடைபட்டிருந்தது. கண்ணாடி வழியே தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு ஒரு காரணம் வேண்டும் என்று யோசித்து, ஒரு நோட்டைக் கொடுத்து, நாம் கடக்கிற ஆறுகளையெல்லாம் கணக்கெடு என்றேன். எழுதுவது மட்டும் வண்டி நின்ற பிறகு. திருநெல்வேலியில் தாமிரபரணி, மதுரை புறவழிச்சாலையில் வைகை, பரமத்தி வேலூரில் காவிரி என்று முதல் நாளிலேயே மூன்று சேர்ந்துவிட்டன. பெயருக்கு நேரே ‘தண்ணீர்’, ‘மணல்’ என்று அவளாகவே இரண்டு கட்டம் போட்டுக்கொண்டாள். தாமிரபரணிக்குத் தண்ணீர், வைகைக்கு மணல். காவிரிக்கு எதை எழுதுவது என்று திகைத்தாள். மேட்டூரை ஜூன் 12ஆம் தேதிதான் திறப்பது வழக்கம் என்பதையும், மே மாதக் காவிரி மணலுக்கு நடுவே ஓடையாகக் கிடக்கும் என்பதையும் விளக்கிய பிறகு இரண்டு கட்டத்திலும் குறி போட்டாள். பழையாற்றையும் குளத்தையும் வாய்க்காலையும் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, தண்ணீர் இல்லாத இடத்தையும் ஆறு என்று சொல்வது ஏமாற்று வேலையாகத் தோன்றியிருக்க வேண்டும்.

இனி நிறுத்துகிற பாட்டைச் சொல்லுகிறேன். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் கழிப்பறைக்குப் போகும்போது மற்றவர் பிள்ளைகளோடு இருப்பார். தனியாகப் போகிறவளுக்கு, யாருக்கு வந்தாலும் மூவரும் இறங்கியாக வேண்டும். தூங்குகிறவனை எழுப்பி, செருப்பைத் தேடி மாட்டி, ஒரு கையில் அவனையும் மறுகையில் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் மகள் வழுக்கி விழாமல் பார்த்துக்கொண்டு போய்த் திரும்புவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். மறுபடியும் பெல்ட்டை மாட்டி வண்டியை எடுத்த ஐந்தாவது நிமிடத்தில் இன்னொருவர் ஆரம்பிப்பார். பெண்கள் வேலை செய்கிற பெட்ரோல் பங்காகப் பார்த்து நிறுத்துவது என்று முதல் நாளே வழக்கப்படுத்திக்கொண்டேன்; அங்கே கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருந்தது, கேட்டால் வாளியும் கிடைத்தது. இரவுத் தங்கலுக்கு, நான்கு இரவுக்கு நான்கு துணிப்பைகளில் மூவரின் மாற்றுத்துணியையும் பிரித்து வைத்திருந்தேன். அன்றைக்குரிய பையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டால், பெட்டிகளை இறக்காமலே விடுதி அறைக்குள் போய்விடலாம். இந்தப் பயணத்தில் நான் செய்தவற்றில் உருப்படியானது அந்த நான்கு பைகள்தான்.

சேலத்தில் முதல் இரவு. தொப்பூர்க் கணவாயில் எங்களுக்கு ஏற்றம். எதிர்ப்பக்கத்தில் இறக்கத்தில் வருகிற லாரிகளுக்குத்தான் அங்கே அடிக்கடி விபத்து. மகள் வாந்தி எடுத்தாள், துணிக்கடைப் பை தாங்கியது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெங்களூரு வலிக்காமல் கடந்தது. பிற்பகலில் நெடுஞ்சாலையைவிட்டு விலகி லேபாட்சிக்குப் போய், ஒற்றைக்கல் நந்தியைக் காட்டினேன். சின்னவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, “நம்ம சுசீந்திரம் மாக்காளை வெள்ளையா இருக்கும்” என்று அதை ஒதுக்கித் தள்ளினான். பாட்டாவோடு வாரந்தோறும் சுசீந்திரம் போய் வருகிறவன்; அவனுக்குக் காளை என்றால் வெள்ளைதான்.

மூன்றாம் நாள் காலை அனந்தபூரிலிருந்து புறப்பட்டு, டோன் ஊரைத் தாண்டி ஒரு பங்கில் நிறுத்தினேன். பத்தரை மணிக்கே வெயில் தகித்தது. மகளுக்கு வயிற்றைப் புரட்டியதால் அவளை இறக்கி, காருக்கு அருகே நிற்கவைத்து முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவனும் இறங்க வேண்டும் என்று அழுதான். இதோ வருகிறேன் என்று சொல்லி, அழுகையை நிறுத்துவதற்காகக் கார் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். மூன்று நாள் ஓட்டிய அசதி என்று சொல்லலாம். ஆனால் அசதி இல்லாத நாளிலும் நான் அதைச் செய்திருப்பேன் என்றே நினைக்கிறேன். டக் என்று நான்கு கதவும் பூட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனும் சாவியை ஆட்டிக்காட்டிச் சிரித்தான். எங்கள் வீட்டில் மாமி சாவியைத் தாக்கோல் என்றுதான் சொல்வார். அவனுக்கும் அந்தச் சொல்தான் பழக்கம். “மக்களே, தாக்கோல்ல மேலே இருக்கிற பட்டனை அமுக்கு” என்றேன். அமுக்கினான், பூட்டையே மறுபடியும் பூட்டினான். மகள் கண்ணாடியில் விரலால் திறந்த பூட்டின் படத்தை வரைந்து, “இந்தப் படம், இந்தப் படம்” என்று காட்டினாள். அவன் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கியதில் வண்டி அலறத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் பயந்து சாவியைக் கீழே போட்டுவிட்டான். மார்புக்குக் குறுக்கே பெல்ட் மாட்டியிருந்தவனுக்குக் குனியவும் முடியவில்லை, பெல்ட்டின் சிவப்புப் பட்டனை அமுக்குகிற அளவுக்கு விரலில் வலுவும் இல்லை.

என்ஜின் நின்றிருந்தது, ஏசி நின்றிருந்தது. வெயிலில் நிற்கிற காருக்குள் பத்து நிமிடத்திலேயே பத்து டிகிரி அளவுக்குச் சூடு ஏறிவிடும் என்பதும், குழந்தையின் உடம்பு பெரியவர்களுடையதைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் முப்பந்தலில் பிள்ளைகளை விட்டு இறங்காமல் இருந்தேன். பங்கில் இருந்தவர்கள் தெலுங்கில் ஏதேதோ சொன்னார்கள். ஒருவர் கம்பியை வளைத்துக்கொண்டு வந்து கதவு இடுக்கில் நுழைத்துப் பார்த்தார். அவன் நெற்றியில் முடி ஈரமாக ஒட்டத் தொடங்கியதைப் பார்த்தேன். கம்பி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அவனுக்கு எட்டத்தில் இருந்த முன்பக்க இடது கண்ணாடியைத் தட்டி, உடையுங்கள் என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வீல் ஸ்பேனரால் ஓங்கி ஒரு அடி. கண்ணாடி முழுவதும் கற்கண்டு போலப் பொலபொலவென்று உதிர்ந்தது. கையை விட்டுத் தாழைத் திறந்து, அவனைத் தூக்கித் தலையில் தண்ணீர் ஊற்றினேன். பூட்டியதிலிருந்து ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. பங்கில் வேலைபார்த்த பெண் ஒருவர் என் கையிலிருந்து அவனை வாங்கிக்கொண்டு, என்னை உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் என் கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது.

பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு, படபடவென்று அது அடிக்கிற சத்தத்தோடு கர்னூல் போய்ச் சேர்ந்தோம். கண்ணாடி மாற்ற மாலை வரை ஆனது. ஹைதராபாத்தில் எடுத்துவைத்திருந்த அறைக்கான பணமும் போனது, பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்த சார்மினாரும் போனது. இரவில் அவர் அழைத்தபோது, பிள்ளைகளுக்கு அசதி, கர்னூலிலேயே தங்கிவிட்டோம் என்று மட்டும் சொன்னேன். மீதியை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடையில் ஒரு சிவப்புக் கயிறு வாங்கிச் சாவியைக் கோத்து, தாலிக்கு அடுத்தபடியாக அதையும் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு எழுதுவதற்கு அதிகமில்லை. மறுநாள் துங்கபத்திரையையும் கிருஷ்ணையையும் கடந்து, ஹைதராபாத்தைப் புறவட்டச் சாலையில் சுற்றி, கோதாவரியையும் தாண்டி நிர்மலில் தங்கினோம். அந்த ஊர்க்காரர்கள் பொனிகி என்கிற எடையில்லாத மரத்தில் செய்கிற பொம்மைகளில் ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மட்டிப்பழம் மூன்றாம் நாளே காம்பு விட்டு உதிரத் தொடங்கியிருந்தது. எஞ்சியிருந்தவற்றை விடுதி வாசலில் நின்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். கடைசி நாள் ஆதிலாபாத்துத் தேக்குக் காட்டைத் தாண்டி, பெண்கங்கையில் மகாராஷ்டிரத்துக்குள் நுழைந்து, புதன்கிழமை மூன்று மணிக்கு நாக்பூர் வந்து சேர்ந்தோம்.

அவர் காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை, ஒரு கீறல்கூட இல்லை என்றார். நான் சரி, இரவில் சொல்லிக்கொள்ளலாம் என்று சோறு வைக்கப் போனேன். மகள் நோட்டை எடுத்துவந்து அப்பாவின் மடியில் விரித்தாள். ஒவ்வொரு ஆறாக அவர் சத்தமாக வாசித்துக்கொண்டு வருவது சமையலறை வரைக்கும் கேட்டது. தாமிரபரணி, தண்ணீர். வைகை, மணல். காவிரி, இரண்டும். தென்பெண்ணை, மணல். அடுத்த வரியில் அவர் குரல் நின்றது. பிறகு நாற்காலி நகர்கிற சத்தமும், செருப்பை மாட்டிக்கொண்டு அவர் படியில் இறங்குகிற சத்தமும் கேட்டன. நான் வந்து நோட்டைப் பார்த்தேன். துங்கபத்திரைக்கு நேரே இரண்டு கட்டத்திலும் குறி இல்லை. ‘தம்பி பூட்டிக்கிட்ட ஊர்’ என்று எழுதி, அதன் கீழே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை செல்லோடேப் போட்டு ஒட்டிவைத்திருந்தாள்.