ஒரே கோட்டின் மேல் மூன்று முறை

1980 பிப்ரவரி 21 அன்று லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் முடிந்தது. கிழக்கு ஜெர்மனியின் யான் ஹாஃப்மன் எடுத்த மொத்தப் புள்ளிகள் 189.72. பிரிட்டனின் ராபின் கசின்ஸ் எடுத்தது 189.48. தங்கப் பதக்கம் கசின்ஸுக்குத்தான் போனது.

கணக்குப் பிழை எதுவும் இல்லை. அன்றைய விதிப்படி மொத்தப் புள்ளிக்கு முதல் மரியாதை கிடையாது. ஒன்பது நடுவர்களும் ஆளுக்கொரு தரவரிசை போடுவார்கள். அதில் பெரும்பான்மை யார் பக்கம் என்றுதான் பார்ப்பார்கள். ஆறு நடுவர்கள் கசின்ஸை முதலிடத்தில் வைத்தார்கள், மூன்று பேர் ஹாஃப்மனை. இடங்களைக் கூட்டினால் கசின்ஸுக்கு 13, ஹாஃப்மனுக்கு 15. குறைவாக இருப்பவருக்கே வெற்றி.

இசைக்குத் தாவிச் சுழன்று நான்கு நிமிடமோ ஐந்து நிமிடமோ ஆடும் ‘ஃப்ரீ ஸ்கேட்டிங்’ ஆட்டத்தில் கசின்ஸை மிஞ்ச அப்போது உலகத்தில் ஆள் இல்லை. 1978, 1979, 1980 மூன்று உலகப் போட்டிகளிலும் அந்தப் பகுதியில் முதலாவதாக வந்தவர் அவர்தான். ஆனாலும் உலகச் சாம்பியன் பட்டம் ஒருமுறைகூடக் கிட்டவில்லை. 1978 ஒட்டாவாவில் வெண்கலம், 1979 வியன்னாவில் வெள்ளி, ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கையோடு போன 1980 டார்ட்மண்டிலும் வெள்ளி. மூன்று முறையும் அவரைப் பின்னுக்கு இழுத்தது ஒன்றே ஒன்று: கட்டாய உருவங்கள். ரிங்க்கில், அதாவது ஸ்கேட்டிங் ஆடும் பனித்தளத்தில், எல்லோரும் ‘ஃபிகர்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். லேக் பிளாசிட்டிலும் ஃபிகர்ஸ் முடிந்தபோது அவர் நான்காம் இடத்தில் இருந்தார்.

இன்று ஸ்கேட்டிங் பார்க்கிறவர்கள் பலருக்கும் ஃபிகர்ஸ் என்னவென்றே தெரியாது. 1990-க்குப் பிறகு உலகப் போட்டிகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு பிரிட்டிஷ் ஸ்கேட்டரின் உழைப்பு நேரத்தில் பெரும்பங்கைத் தின்றது அதுதான். அவருடைய தொழில் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், கைதட்டல் விழும் பகுதியை ஓரமாக வைத்துவிட்டு, யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்காத இந்தப் பகுதியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒன்றையொன்று தொடும் இரண்டு வட்டங்கள், எட்டு என்ற எண்ணைப் போல. சில உருவங்களுக்கு மூன்று வட்டங்கள். வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய ஸ்கேட்டரின் உயரத்தைப் போல மூன்று மடங்கு. ஆறடி ஆளுக்கு ஐந்தரை மீட்டர் வரும். சுற்றளவு பதினேழு மீட்டர். வட்டங்கள் தொடும் புள்ளியில் அசையாமல் நின்று, ஒரே ஒரு தள்ளலில் கிளம்பி, ஒற்றைக் காலில் அந்தப் பதினேழு மீட்டரையும் சுற்றி அதே புள்ளிக்குத் திரும்ப வேண்டும். அடுத்த வட்டத்துக்கு இன்னொரு தள்ளல். ‘பாரகிராஃப்’ வகை உருவங்களில் அந்தச் சலுகையும் இல்லை: ஒரே தள்ளலில் இரண்டு வட்டத்தையும் ஒரே காலில் முடிக்க வேண்டும். இப்படி மூன்று முறை. இரண்டாவது, மூன்றாவது சுற்றில் விழும் கோடு முதல் கோட்டின் மேலேயே விழ வேண்டும்.

முடித்துவிட்டு ஸ்கேட்டர் விலகிப் போவார். நடுவர்கள் பனியில் நடந்து வந்து, குனிந்து, சிலர் மண்டியிட்டுக்கூடக் கோட்டைப் பார்ப்பார்கள். வட்டம் வட்டமாக இருக்கிறதா? இரண்டு வட்டமும் ஒரே அளவா? திருப்பம் நடு அச்சின் மேல் விழுந்திருக்கிறதா? கோடு ஒற்றையாக இருக்கிறதா, இரட்டையாக இருக்கிறதா?

இந்த ஒற்றை, இரட்டை விஷயத்தைப் புரிந்துகொள்ள பிளேடைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சுமார் நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு. அதன் அடிப்பாகம் தட்டை அல்ல. நீளவாக்கில் வாய்க்கால் போல் ஒரு பள்ளம் ஓடும். பள்ளத்தின் இரு கரையும்தான் வெளி விளிம்பு, உள் விளிம்பு. உடல் சரியாகச் சாய்ந்திருந்தால் ஒரு விளிம்பு மட்டுமே பனியைத் தொட்டு ஒற்றைக் கோடு போடும். சாய்வு குறைந்து ஆள் நிமிர்ந்துவிட்டால் இரண்டு விளிம்பும் பட்டு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் விழும். ஃபிகர்ஸில் அது குற்றம். பெரும்பாலும் திருப்பத்துக்கு முன்னும் பின்னும்தான் இது நேரும். திரும்பப் போகிறோம் என்ற நினைப்பே உடலை அவசரமாக நிமிர்த்திவிடும்.

திருப்பங்களிலும் பல ரகம். ‘த்ரீ’ திருப்பத்தில் கூர்முனை வட்டத்துக்கு உள்நோக்கி இருக்கும், ‘பிராக்கெட்’டில் வெளிநோக்கி. ‘ராக்கர்’, ‘கவுன்ட்டர்’ இரண்டிலும் விளிம்பு மாறாது, வளைவு மாறும். ‘லூப்’ உருவத்துக்கு வட்டம் சின்னது, ஆள் உயர விட்டம்தான். அதற்குள் ஒரு கண்ணி போட வேண்டும். வேகம் கொஞ்சம் கூடினால் கண்ணி நீண்டு கோணலாகிவிடும். குறைந்தால் நடுவிலேயே பிளேடு நின்று பனியைச் சுரண்டும். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் பட்டியலில் இப்படி 41 உருவங்கள். போட்டியில் எவை வரும் என்பதைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். ஆகவே எல்லாமே தெரிந்திருக்க வேண்டும், வலது காலிலும் இடது காலிலும்.

இதற்குத் தனி பூட்ஸ், தனி பிளேடு. தாவுவதற்கான பிளேடில் பள்ளத்தின் ஆரம் அரை அங்குலம் அளவில் இருக்கும். ஆழமான பள்ளம், கூரான விளிம்பு, நல்ல பிடி. ஃபிகர்ஸ் பிளேடில் ஆரம் ஒரு அங்குலமோ அதற்கு மேலோ. பள்ளம் ஆழமில்லாததால் பிடி குறையும், ஆனால் பனியில் உராய்வும் குறையும், ஒரே தள்ளலில் தூரம் போகலாம். முன்பக்கப் பற்களில் கீழ்ப்பல்லை ராவிக் குறைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் திருப்பத்தில் அது பனியைக் கீறி, சுத்தமான கோட்டுக்குப் பக்கத்தில் தழும்பு விழும். மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும்: ஃபிகர்ஸ் பிளேடில் தாவினால் கால் வழுக்கிக்கொண்டு போகும், தாவும் பிளேடில் ஃபிகர்ஸ் போட்டால் வட்டம் முடிவதற்குள் வேகம் செத்துவிடும்.

பிளேடுத் தொழிலில் பிரிட்டன் கை ஓங்கிய நாடு. உலகத்தின் முன்னணி ஸ்கேட்டர்கள் பலர் காலில் மாட்டுவது ஷெஃபீல்டில் செய்யும் ஜான் வில்சன் அல்லது எம்.கே. பிளேடுதான். ஆனால் எவ்வளவு நல்ல பிளேடானாலும் சாணை பிடிப்பவர் கை சரியில்லையென்றால் வீண். தீட்டி முடித்ததும் இரண்டு விளிம்பின் மேலும் குறுக்கே ஒரு நேரான தகட்டை வைத்துப் பார்க்க வேண்டும். அது பிளேடுக்குச் செங்குத்தாக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு விளிம்பு உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். அதோடு பனியில் இறங்குகிறவர், தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து வாரக்கணக்கில் நிலையைத் திருத்திக்கொண்டிருப்பார். பயிற்சி முடிந்ததும் பிளேடைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, துணி உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை தரையில் நடப்பதற்கு மட்டும்தான். அதிலேயே விட்டுவைத்தால் உள்ளே தேங்கும் தண்ணீர் ஒரே இரவில் விளிம்பைத் துருவாக்கும்.

ஃபிகர்ஸ் பயிற்சிக்கு ‘பேட்ச்’ என்று பெயர். ரிங்க்கைப் பட்டை பட்டையாகப் பிரித்து ஆளுக்கு ஒரு துண்டு வாடகைக்குக் கொடுப்பார்கள். பனி கோடில்லாமல் இருக்க வேண்டும், அதனால் விடிகாலை. பொதுமக்கள் வந்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் பனி உழுத நிலமாகிவிடும். பெரிய காம்பஸ் போன்ற ஒரு கருவியால் வட்டம் கீறிக்கொண்டு அதன் மேல் போட்டுப் பழகுவார்கள். பிறகு அது இல்லாமல். மெதுவாக நகரும் வேலை, உடம்பு சூடேறாது. விரல் விறைத்தாலும் தோளும் இடுப்பும் அரை அங்குலம் பிசகக் கூடாது.

பிரிஸ்டலில் 1957-ல் பிறந்த கசின்ஸ், பதினாறு வயதில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு லண்டனுக்கு வந்தது கிளாடிஸ் ஹாக் என்ற பயிற்சியாளரிடம் கற்க. அவர் பயிற்சி எடுத்த ரிங்க் லண்டன் பேஸ்வாட்டர் பகுதியில் குவீன்ஸ்வே தெருவில் இருக்கிறது. அதே தெருவில் அப்போது வைட்லீஸ் என்ற பெரிய கடை இருந்தது. அங்கே அலமாரிகளில் சரக்கு அடுக்கும் வேலை பார்த்துக்கொண்டுதான் அவர் பயிற்சி எடுத்தார். அன்றைய அமெச்சூர் விதி அப்படி: ஸ்கேட்டிங்கால் காசு சம்பாதிக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்கிச் சொல்லிக்கொடுத்தாலும் ஒலிம்பிக் கதவு மூடிவிடும். கையிலிருக்கும் ஒரே தொழிலால் பிழைக்க முடியாது, பிழைப்புக்கு இன்னொரு வேலை வேண்டும், அந்த வேலையும் பயிற்சி நேரத்தைத் தொடக் கூடாது. செலவோ நிற்காது: பனி வாடகை, பயிற்சியாளர் கட்டணம், இரண்டு ஜோடி பூட்ஸ், இரண்டு ஜோடி பிளேடு, சாணை, பயணம். பெற்றோரின் சேமிப்பைக் கரைக்காமல் அந்நாட்களில் மேலே வந்த பிரிட்டிஷ் ஸ்கேட்டர் அபூர்வம். எவ்வளவோ திறமைசாலிகள் இந்த இடத்தில்தான் நின்றுபோனார்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பின்னாளில் ஐஸ் நடனத்தில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஜோடி, நாட்டிங்ஹாமில் போலீஸ்காரராக இருந்த கிறிஸ்டஃபர் டீனும், காப்பீட்டு அலுவலகக் குமாஸ்தாவாக இருந்த ஜேன் டார்வில்லும், வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் ஆட முடிந்ததற்கு அந்நகர மன்றம் கொடுத்த 42,000 பவுண்டு உதவி பெரிய காரணம்.

1976 இன்ஸ்புருக் ஒலிம்பிக்கில் கசின்ஸ் பத்தாம் இடம். அதே ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர் இன்னொரு பிரிட்டிஷ்காரர், பர்மிங்ஹாமில் பிறந்த ஜான் கரி. கரி தேறியது அமெரிக்காவில், கார்லோ ஃபாஸி என்ற இத்தாலியப் பயிற்சியாளரிடம். ஃபிகர்ஸ் சொல்லிக்கொடுப்பதில் ஃபாஸிக்கு இருந்த பெயர் வேறு யாருக்கும் இருந்ததில்லை. 1977-ல் முழங்கால் குருத்தெலும்புத் தொல்லையால் கசின்ஸ் உலகப் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது; அந்த ஆண்டுதான் அவரும் டென்வருக்கு, ஃபாஸியிடம் போனார். தாவுவதில் தனக்குக் குறை இல்லை என்று தெரிந்த ஒருவர், தான் பலவீனமாக இருக்கும் இடத்துக்காகவே ஒரு கண்டம் தாண்டிப் போய்க் குடியேறினார். அவர் வாழ்க்கையில் மிகவும் மதிக்கத்தக்க முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். விமரிசனம் எழுதுகிறவர்கள் அவருடைய தாவல்களின் உயரத்தைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

முழங்கால் ஏன் போகிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதே. ஆக்சலோ லுட்ஸோ சால்கோவோ, எந்தத் தாவலானாலும் இறங்குவது ஒரே காலில், பின்பக்கமாக, வெளி விளிம்பில். இடப்பக்கம் சுழல்கிறவருக்கு எப்போதும் வலது கால்தான். உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமை, அதுவும் சுழன்றுகொண்டே, பயிற்சி தோறும் அந்த ஒரு மூட்டில் விழுகிறது. பூட்ஸ் கணுக்காலை இறுக்கிப் பிடித்திருப்பதால் அங்கே மடங்கித் தாங்க வேண்டிய அதிர்ச்சி முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஏறிவிடும். முழங்காலை ஆழமாக மடக்கி, மெல்ல நிமிர்ந்து இறங்கக் கற்றவர்கள் நீண்ட காலம் ஆடுகிறார்கள். விறைத்த காலோடு இறங்குகிறவர்களுக்கு இருபது வயதிலேயே அறுவைச் சிகிச்சை.

விதி மாறிய காலமும் கசின்ஸுக்குக் கைகொடுத்தது. 1952 ஆஸ்லோவில் பிரிட்டனின் ஜெனட் அல்ட்வெக் தங்கம் வென்றபோது மொத்த மதிப்பில் 60 சதவீதம் ஃபிகர்ஸுக்கு. ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் நான்காவதாக வந்தும் அவர் ஜெயித்தார். 1968-ல் அது 50 சதவீதமானது. 1972-ல் ஆஸ்திரியாவின் டிரிக்ஸி ஷூபா ஃபிகர்ஸில் எடுத்த முன்னிலையை வைத்தே, ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் ஏழாவதாக வந்தும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். தொலைக்காட்சியில் ஆட்டத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது விளங்கவே இல்லை. அதன் பிறகு 1973-ல் இரண்டு நிமிடக் குறும் ஆட்டத்தைச் சேர்த்து ஃபிகர்ஸை 40 சதவீதமாக்கினார்கள், 1976-ல் 30. கசின்ஸ் ஒலிம்பிக் தங்கம் வாங்கியது இந்த 30 சதவீதக் காலத்தில். 1952-ன் கணக்கில் நான்காம் இடத்திலிருந்து ஹாஃப்மனை எட்டிப் பிடிப்பது மிகக் கடினம். அதேபோல் ஃபாஸியிடம் போகாமல் ஏழாவது, எட்டாவது இடத்தில் ஃபிகர்ஸை முடித்திருந்தால் 30 சதவீதமும் அவரைக் கவிழ்க்கப் போதுமானது.

1980-க்குப் பிறகு அவர் தொழில்முறை ஆட்டக்காரரானார். ஃபிகர்ஸ் பிளேடுக்கு அதோடு வேலை முடிந்தது. 1983 நவம்பரில் லண்டன் ரிச்மண்ட் ரிங்க்கில் 5.81 மீட்டர் நீள ஆக்சலும் 5.48 மீட்டர் பின்குட்டிக்கரணமும் போட்டுச் சாதனை வைத்தார். அந்த ரிங்க் 1992-ல் மூடப்பட்டது. பின்னர் நடனம் அமைப்பவராக, வர்ணனையாளராக, 2006 முதல் ‘டான்சிங் ஆன் ஐஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியின் நடுவராகப் பிரிட்டன் வீடுகளுக்குப் பழகிய முகமானார்.

ஃபிகர்ஸ் போய்விட்டாலும் அதன் திருப்பங்கள் போகவில்லை. இன்றைய போட்டிகளில் காலடித் தொடரின் கடினத் தரம் தீர்மானமாவது பெரும்பாலும் ராக்கர், கவுன்ட்டர், பிராக்கெட், லூப் இவற்றை இரண்டு காலிலும் சுத்தமாகப் போடுகிறார்களா என்பதை வைத்துத்தான். 2025-ல் பாஸ்டனில் வெண்கலம் வாங்கி, 1984-க்குப் பிறகு பிரிட்டனுக்கு முதல் உலகப் பதக்கம் கொண்டுவந்த லைலா ஃபியர், லூயிஸ் கிப்ஸன் ஜோடியும் பயிற்சிக்குக் கடல் தாண்டி மான்ட்ரியலில்தான் இருக்கிறார்கள். ஐஸ் நடனத்தில் தாவல்களுக்கு மதிப்பெண் கிடையாது. அவர்கள் பிழைப்பே விளிம்பில் இருக்கிறது. அவர்கள் ஆட்டத்தின் காணொளியை நிதானமாக ஓட்டிப் பார்க்கக் கிடைத்தால் அவர்கள் முகத்தை விட்டுவிட்டுப் பாதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் முழங்கால் மடங்குகிறதா, சாய்வு கடைசி நொடிவரை நிற்கிறதா என்று கவனியுங்கள்.