புதுக் குதிரையின் வேகமே கூட்டத்தின் வேகம்

நண்பர்களோடு காட்டுப்பாதையில் குதிரைச் சவாரி போகிறோம் என்று சொன்னவுடன், கேட்பவர்கள் மனத்தில் பிடரி பறக்கப் பாயும் குதிரைகள்தாம் தோன்றுகின்றன. உண்மையில் எங்கள் சவாரி நேரத்தின் பெரும்பகுதி நடையிலேயே கழிந்துவிடுகிறது. நன்றாக நடக்கும் குதிரை சமதளத்தில் மணிக்கு 6 அல்லது 7 கிலோமீட்டர் போகும். கல்லும் வேரும் துருத்திக்கொண்டிருக்கும் ஏற்றத்தில் அதுவும் குறைந்துவிடும். கூட்டமாகப் போகும்போது வேகத்தைத் தீர்மானிப்பது முன்னால் போகும் குதிரையன்று, கூட்டத்திலேயே தடுமாற்றம் மிகுந்த குதிரைதான் என்பது சவாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி. எல்லாக் குதிரைகளும் பழகியவையாக இருக்கும் காலத்தில் அப்படியொரு விதி இருப்பதே மறந்துபோகும். எங்கள் கூட்டத்தில் செவலை வந்து சேர்ந்த பிறகு, அது ஒவ்வொரு சவாரியிலும் நினைவுக்கு வருகிறது.

என்னுடைய பழைய குதிரைக்கு மூட்டுத் தேய்மானம் முற்றிவிட்டதால், இறக்கங்களில் அதன் மேல் உட்கார்ந்து வருவது எனக்கே சங்கடமாக இருந்தது. ஏறிச் சவாரி செய்வதிலிருந்து அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அதே மேய்ச்சல் நிலத்தில் விட்டிருக்கிறேன். அதன் இடத்துக்கு வந்ததுதான் இந்தப் பெண் குதிரை. ஆவணத்தில் நீளமான பெயர் ஒன்று இருக்கிறது; லாயத்தில் எல்லோரும் அதன் நிறத்தைப் பார்த்துச் செவலை என்று கூப்பிட, அதுவும் அதற்கே காதைத் திருப்பத் தொடங்கிவிட்டது. வளையத்துக்குள் நன்றாகப் பயிற்சி பெற்ற குதிரை. ஆனால் வேலிக்கு வெளியே உள்ள உலகத்தை அதிகம் பார்த்ததில்லை.

புதுக் குதிரை வந்த அன்றே மற்றவற்றோடு அவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்க்கும் ஆசை பலருக்கு உண்டு. அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஸ்ட்ராங்கிள்ஸ் என்னும் தொற்று நோய், தாடைக்கு அடியில் உள்ள நிணநீர்க் கட்டிகளை வீங்கவைத்துச் சீழ் பிடிக்கச் செய்வது. கிருமி உள்ளே போன பிறகு அறிகுறி வெளிப்பட 3 நாள் முதல் 14 நாள் வரை ஆகலாம். ஆகவே குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் மூன்று வாரம், புதிய குதிரையைத் தனியே வைக்க வேண்டும். நோயிலிருந்து தேறிய சில குதிரைகள் தொண்டைக்குப் பின்னால் உள்ள காற்றுப்பைகளில் அந்தக் கிருமியை மாதக்கணக்கில் சுமந்துகொண்டு, பார்வைக்கு முழு ஆரோக்கியத்தோடு திரியும் என்பதால், வந்த இடத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

தனிமைக் காலத்தில் தெர்மாமீட்டரைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை. வளர்ந்த குதிரையின் உடல் வெப்பம் ஓய்வில் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். இந்நோயில் மூக்கில் சளி வழிவதற்கு முன்பே காய்ச்சல் ஏறிவிடும். பிற குதிரைகளுக்குத் தொற்று பரவத் தொடங்குவதும் பெரும்பாலும் காய்ச்சல் கண்டதற்கு ஓரிரு நாள் கழித்துத்தான். காலையும் மாலையும் வெப்பத்தைப் பார்த்துக் குறித்துவைத்தால், அந்த இடைவெளி நமக்குக் கிடைத்துவிடுகிறது. செவலைக்கென்று தனி வாளி, தனித் தலைக்கயிறு, தனித் தூரிகை ஒதுக்கினோம். மற்றக் குதிரைகளுக்கெல்லாம் தீனி வைத்து முடித்த பின்னரே அதன் கொட்டடிக்குப் போனோம். கூட்டமாக வாழும் பிராணியை முற்றிலும் தனியாக அடைப்பது கொடுமை என்பதால், மற்றக் குதிரைகள் கண்ணில் படும்படியாகவும் மூக்கு எட்டாத தூரத்திலும் இடம் பார்த்துக் கொடுத்தோம்.

தீனியிலும் அவசரம் கூடாது. குதிரையின் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள்தாம் நாரைச் செரிக்கின்றன; அவை பழகிய புல்லைத் திடீரென்று மாற்றினால் வயிறு கெட்டு, கோலிக் எனப்படும் கடும் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னோக்கித்தான் போயாக வேண்டும். பழைய இடத்திலிருந்து சில கட்டு உலர்புல்லையும் சேர்த்து வாங்கிவந்து, புதுப் புல்லோடு கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் விகிதத்தை மெல்ல மெல்ல மாற்றுவதே பாதுகாப்பான வழி.

தனிமை முடிந்ததும் முதலில் வேலிக்கு இருபுறமும் சந்திப்பு. துணைக்கு என் பழைய குதிரையைத்தான் தேர்ந்தெடுத்தோம், ஏனென்றால் அது யாரையும் விரட்டுவதும் இல்லை, யாருக்கும் பயந்து ஓடுவதும் இல்லை. இரண்டும் கழுத்தை வளைத்துக்கொண்டு மூக்கோடு மூக்கு வைத்து ஒன்றன் மூச்சை மற்றொன்று இழுத்துப் பார்த்தன. நாசித்துளைகள் விரிந்து உள்ளே உள்ள சிவப்பு தெரிந்தது. பிறகு செவலை ஒரு கீச்சுக் குரல் எழுப்பி முன்னங்காலை வெட்டி வீசியது, வேலிக்கம்பி அதிர்ந்தது. இதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. பெண் குதிரைகள் அறிமுகத்தின்போது இப்படிக் கீச்சிடுவது சகஜம். பற்களைக் காட்டிக்கொண்டு துரத்துவதும், பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதும்தான் கவனிக்கப்பட வேண்டியவை. பழையது காதைக்கூட மடக்காமல், அரை அடி பின்வாங்கி, வேலியோரப் புல்லைக் கடிக்கத் தொடங்கியது. செவலை சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானும் தலையைத் தாழ்த்தியது.

அதன் பிறகு இரண்டையும் ஒரே நிலத்தில் விட்டோம். அவை சேர்ந்து மேயத் தொடங்கிய பின்னர் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். முதல் நாட்களில் பின்னங்கால் லாடங்களைக் கழற்றிவிடுவது வழக்கம், இரும்பு பதித்த உதையும் வெறுங்குளம்பின் உதையும் ஒன்றல்ல. குதிரைகளின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு கூடுதலாகப் புல் குவியல்களை விலக்கி விலக்கிப் போட்டால், விரட்டப்பட்ட குதிரைக்கு வேறோர் இடத்தில் தீனி காத்திருக்கும். மூலையில் சிக்கிக்கொள்ளாதபடி நிலம் அகலமாக இருக்க வேண்டும் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். குதிரைகளுக்குள் யார் பெரியவர் என்ற வழக்கு பெரும்பாலும் உதையில் தீர்வதில்லை. ஒன்று காதை மடக்கி ஓர் அடி எடுத்துவைத்தால் மற்றொன்று விலகிக்கொள்வதில் தீர்ந்துவிடுகிறது.

செவலை கூட்டத்தில் சேர்ந்துவிட்டது என்பதை நான் அறிந்தது, ஒரு காலையில் அதன் இடது விலாவில் ஒட்டியிருந்த காய்ந்த சேற்றையும், வாலில் சிக்கியிருந்த புல் துணுக்குகளையும் பார்த்துத்தான். கால் மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு நின்றபடியே குதிரை தூங்கும் என்பது உண்மையே. ஆனால் கனவு வரும் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். மற்றொரு குதிரை விழித்துக் காவல் நிற்கிறது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் பல குதிரைகள் படுப்பதே இல்லை. அதுவரை செவலையின் தோலில் அப்படியொரு சேற்றுத் தடத்தை நான் கண்டதில்லை.

இனி நண்பர்கள். சவாரித் துணையாக யாரைச் சேர்த்துக்கொள்வது என்று கேட்டால், எவ்வளவு நன்றாகச் சவாரி செய்கிறார் என்பதை நான் பார்ப்பதில்லை. அடுத்தவர் குதிரை அடம்பிடித்து நிற்கும்போது அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் பார்க்கிறேன். பெருமூச்சு விடுகிறவர்களும், "ரெண்டு தட்டு தட்டு" என்று யோசனை சொல்கிறவர்களும், சும்மா முன்னால் போய்விடுகிறவர்களும் எத்தனை திறமைசாலிகளாக இருந்தாலும் புதுக் குதிரைக்கு ஆகாதவர்கள். இந்த மூன்றில் கடைசி வகையே ஆபத்தானது. துணைக் குதிரைகள் கண்ணுக்கு மறைந்தால், புதுக் குதிரைக்கு நம் பேச்சும் கால் அழுத்தமும் கேட்காது. கூட்டத்தைத் தேடி ஓடுவது ஒன்றே அதற்குத் தெரியும். பாதையில் ஒரு முறை, முன்பின் தெரியாத குழு ஒன்று பின்னாலிருந்து குரல் கொடுக்காமல் பாய்ச்சலில் எங்களைக் கடந்து போனது. செவலை அரை வட்டம் சுழன்று, பிறகு நடுங்கிக்கொண்டு நின்றது. என்னோடு வந்த நண்பர்கள் மூவரின் குதிரைகளும் அசையாமல் நின்றதால்தான் அது அத்தோடு முடிந்தது.

செவலையின் முதல் சவாரிகளை ஓடை வரைக்கும்தான் வைத்துக்கொண்டோம். அந்த ஓடை அகலத்தில் அற்பமானது. கணுக்கால் அளவுத் தண்ணீர். ஆனால் குதிரையின் கண்ணுக்கு அது வேறு விஷயம். தலையின் இரு பக்கங்களிலும் அமைந்த கண்களால் தன்னைச் சுற்றி ஏறத்தாழ முழு வட்டத்தையும் பார்க்கும் குதிரைக்கு, நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் உள்ள சிறு பகுதி தெரியாது. வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும்போது கண் பழகுவதற்கு மனிதரைவிட அதிக நேரம் பிடிக்கும். மர நிழல் விழுந்து, மேலே வெயில் மினுங்கும் நீரின் அடியில் தரை இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல அதனால் முடியாது. ஆகவே அது நின்றது. நின்றது என்றால், நான்கு கால்களும் ஊன்றி, காதுகள் இரண்டும் நீரை நோக்கி விறைத்து, முதுகு என் தொடைக்கு அடியில் பலகையாக இறுகி நின்றது.

நான் மன்னிப்புக் கேட்கும் பாவனையில் திரும்பிப் பார்த்தபோது, எங்களில் மூத்தவர் அங்கவடியிலிருந்து காலை எடுத்துத் தொங்கவிட்டுக்கொண்டு, "நிக்கட்டும்பா, நாம என்ன ரயிலையா பிடிக்கப் போறோம்?" என்றார். அவருடைய குதிரை நடு ஓடையில் போய் நின்றது. தோழி தன் குதிரையை அக்கரையில், கண்ணில் படும் இடத்தில் நிறுத்தினாள். இளைய நண்பர் எனக்குப் பின்னால், உதை எட்டாத அளவுக்கு ஒரு குதிரை நீளம் விட்டு நின்றார். யாரும் செவலையைப் பார்க்கவில்லை. அவர்கள் பாட்டுக்கு வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் செய்ததெல்லாம், லகானைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்த விட்டதும், அது பின்வாங்க முயன்றபோது மட்டும் காலால் மெல்ல மறுத்ததும்தான். நீரருகே மூக்கைக் கொண்டுபோய் உஸ்ஸென்று ஊதியது. நீர் சுழிக்க, திடுக்கிட்டது. மறுபடி ஊதியது. பிறகு ஒரு குளம்பை வைத்து எடுத்தது.

இந்தக் கட்டத்தில் சவாரி செய்பவர் பிடரியை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓடையில் இறங்கத் தயங்கும் குதிரைகளில் பல, கடைசியில் இறங்காமல் ஒரே தாவலில் தாண்டிவிடும். லகானைப் பிடித்துத் தொங்கினால் துணிந்து தாவிய குதிரைக்கு வாயில் வலிதான் பரிசாகக் கிடைக்கும். செவலை அப்படித்தான் தாவியது. அக்கரையில் தோழியின் குதிரை மேல் கிட்டத்தட்ட மோதி நின்றது. உடனே திரும்பவும், பிறகு இன்னொரு முறையும் கடக்கவைத்தோம். மூன்றாவது கடப்பில் நடந்தே வந்தது. வந்தது மட்டுமல்ல, நடுவில் நின்று முன்னங்காலால் தண்ணீரை அள்ளி அடிக்கத் தொடங்கியது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அப்படி அடிக்கும் குதிரை அடுத்த கணம் சேணத்தோடு படுத்து உருளவும் கூடும். உடனே முன்னால் நகர்த்திவிட வேண்டும்.

திரும்பும் வழியில் வரிசையை மாற்றிக்கொண்டே வருகிறோம். செவலை கொஞ்ச தூரம் முன்னால், கொஞ்ச தூரம் நடுவில், கொஞ்ச தூரம் கடைசியில். ஒரே குதிரையின் வாலைப் பார்த்தே நடந்து பழகிவிட்டால், பின்னாளில் அந்த வால் இல்லாமல் வாசலைக்கூடத் தாண்டாது. லாயத்தை நோக்கிய கடைசிப் பகுதியில் நடை மட்டுமே என்பது எங்கள் குழுவில் மாறாத ஒப்பந்தம். வீட்டுத் திசையில் ஒரு நாள் ஓடவிட்டால், அடுத்த நாள் அது தானே ஓடும்.

சேணத்தை இறக்கியதும் முதலில் முதுகைப் பார்க்கிறேன். வியர்வை இரு பக்கமும் சீராகப் படிந்திருந்தால் நல்லது. ஈரத்தின் நடுவே உள்ளங்கை அளவுக்கு உலர்ந்த திட்டு இருந்தால், அந்த இடத்தில் சேணம் அழுத்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். பழைய குதிரையின் சேணத்தைச் செவலைக்கு வைத்துப் பார்த்தபோது, தோளுக்குப் பின்னால் அப்படியே இரண்டு திட்டுகள் தெரிந்தன. அதன் முதுகு அகலம், பழையதன் முதுகு ஒடுக்கம். சேணம் பொருத்துபவரை வரவழைத்து வேறொன்று பார்த்துக்கொண்டோம். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. சேணம் கனமென்றால் அந்தக் கணக்கில் நம் பங்கு குறைந்துவிடும் என்பதை அவர் சிரிக்காமல் எனக்கு விளக்கினார்.

அடுத்து மரப்பாலம் இருக்கிறது. பலகையில் குளம்பு படும்போது எழும் வெற்று ஒலி பல குதிரைகளுக்குப் பிடிப்பதில்லை. முதலில் இறங்கிக் கையில் பிடித்து நடத்திச் செல்வது என்று முடிவு செய்திருக்கிறோம். மூத்தவர் முன்னால் போவார், தோழி பின்னால் வருவாள். இளைய நண்பரின் குதிரைக்கும் அந்தப் பாலத்தைக் கண்டால் ஆகாது என்பதால், அவரைச் செவலை கடந்து முடிக்கும் வரை தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறோம். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.