பென்சில் கோடு

காலமை வெள்ளவத்தையில எங்கட ஒழுங்கை முனையில இருந்த பழைய வீட்டை உடைச்சுக்கொண்டு நிண்டாங்கள். கதவு, நிலை, ஜன்னல் எல்லாத்தையும் லொறியில அடுக்கி கயிறு போட்டுக் கட்டியாச்சு.

நான் பார்த்துக்கொண்டு நிண்டது ஒரே ஒரு கதவைத்தான்.

பச்சை பெயின்ட் உரிஞ்ச இடத்தில நீலம், அதுக்குக் கீழ வெள்ளை, பிறகுதான் மரம், நல்ல தேக்கு. பித்தளைக் கைபிடி கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு மினுங்குது. நிலையில பென்சிலால கோடு கோடா, பிள்ளையள் வளர வளர உயரம் குறிச்சு வச்சிருக்கினம்.

"அண்ணை, இது எங்க போகுது?"

"மொரட்டுவைக்கு தம்பி. பெயின்டைச் சுரண்டிப் பொலிஷ் அடிச்சா ஹோட்டல்காரர் வந்து வாங்குவினம்."

விறகாப் போகேல்ல, அதே பெரிய நிம்மதி.

கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவும் கொழும்பில தன்ர வீட்டுக்கு செட்டிநாட்டுப் பழைய தூணைக் கொண்டந்து வச்சவர். அவர் 1960களின்ட தொடக்கத்தில அல்பிரட் பிளேஸில கட்டிக் குடுத்த பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவின்ர வீட்டை, பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டுக் கழட்டி, பெந்தோட்டைப் பக்கம் லுனுகங்கையில திரும்ப எழுப்பியிருக்கினம். மனசு வச்சா ஒரு முழு வீட்டையே காப்பாத்தலாம்.

அந்தக் கோடுகளை மட்டும் சுரண்டாதேங்கோ எண்டு சொல்ல வாயெடுக்க முதல் லொறி வெளிக்கிட்டிட்டுது. ஓடிப்போய் ஒரு ஃபோட்டோ எடுத்தன். கடைசிக் கோடு என்ர தோள் உயரத்தில நிக்குது.