இடம் சொல்லாத சைக்கிள் பந்தயம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் ஒரு ஏரி. ஏரிக்குப் பின்னால் ஒரு கரடு. கரட்டைச் சுற்றி மாந்தோப்பும் மானாவாரி நிலமும். இடத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்லப் போவதில்லை. பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே நண்பர்கள் சேர்ந்து எம்டிபி, அதாவது மலைப்பாதைச் சைக்கிள் பந்தயம் ஒன்று நடத்தினோம். எப்படி நடத்தினோம் என்று விரிவாகவே எழுதுகிறேன். வரைபடம் மட்டும் தர மாட்டேன்.

காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் நாங்கள் ஆசையாக ஓட்டிவந்த தடம் ஒன்று இருந்தது. ஏரிக்கரை மேல் ஏறி, புளியந்தோப்புக்குள் நுழைந்து, பாறை இடுக்கில் இறங்கும் அழகான வழி. யாரோ அதைப் பதிவு செய்து எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டார்கள். பெங்களூரு இங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர்தான். சனி ஞாயிறானால் மோட்டார் பைக்குகள் வரத் தொடங்கின, பின்னாலேயே ஜீப்புகளும். கனத்த சக்கரம் ஓடி ஓடிக் கரையில் பள்ளம் விழுந்தது. அடுத்த மழைக்கு அந்தப் பள்ளத்தில் தண்ணீர் இறங்கி, கரையின் ஒரு பக்கமே சரிந்துபோனது. ஊர்க்காரர்கள் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது முழுக்கச் சரி. கரை உடைந்தால் போவது அவர்கள் வயல்.

அதனால் இந்த முறை, பந்தயம் எங்கே என்பது வருகிறவர்களுக்கே முந்தின நாள் ராத்திரி வரை தெரியாது. விடியற்காலை ஐந்தரைக்குக் கிருஷ்ணகிரி ஊருக்குள் கூட வேண்டும், அங்கிருந்து எங்கள் வண்டிக்குப் பின்னால் வர வேண்டும், அவ்வளவுதான் தகவல். முப்பது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. நுழைவுக் கட்டணம் இல்லை, சாப்பாட்டுச் செலவை மட்டும் பகிர்ந்துகொள்வது. ஓட்டத்தைச் செயலியில் பதிவு செய்கிறவர்கள் ‘எனக்கு மட்டும்’ என்று மாற்றி வைக்க வேண்டும். இதைச் சொல்லும்போது முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் இந்த விளையாட்டு பிறந்ததே இப்படித்தான். 1976-ல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் ‘ரீபேக்’ பந்தயம் தொடங்கியபோது அதற்கு விளம்பரம் கிடையாது. நண்பர்களுக்கு நண்பர்கள் சொல்லிக் கூடிய கூட்டம். பழைய கனத்த சைக்கிள்களில், இரண்டு மைலுக்குச் சுமார் 1300 அடி இறங்கும் மண்பாதையில் ஒவ்வொருவராக விட்டு நேரம் பார்த்தார்கள். பின் சக்கரத்து ஹப் பிரேக் சூடேறிக் கிரீஸ் புகைந்து போகும், ஓட்டம் முடிந்ததும் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருக்கும். ‘ரீபேக்’ என்ற பெயரே அதில் வந்ததுதான். அங்கே தொடங்கிய விளையாட்டு 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது. எனக்கு ஒலிம்பிக்கை விட அந்த முதல் கூட்டத்தின் மேல்தான் பிரியம்.

தடம் தேடுவதுதான் பெரிய வேலை. கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டுமே கல் பூமி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மொட்டைப் பாறை நிற்கும். எம்டிபிக்கு இதைவிட நல்ல நிலம் தமிழ்நாட்டில் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். ஆனால் எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்பதில் கறாராக இருக்க வேண்டும். மேற்கே அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிக் காடுகளை நாங்கள் யோசிப்பதே இல்லை. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-ல் அறிவிக்கப்பட்டது அந்தப் பக்கம்தான். ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டம் கிளம்பி, ஜவளகிரி வழியாகச் சானமாவு வரை வந்து போகும். யானை நடக்கிற வழியில் நமக்குப் பந்தயம் எதற்கு? அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது குற்றம் என்பது தனி. அதனால் கிழக்கே, வருவாய்த் துறைக் கணக்கில் புறம்போக்கு வண்டிப்பாதை என்று இருக்கிற வழிகளையும், சொந்தக்காரர்கள் வாயால் ‘சரி’ சொன்ன பட்டா நிலங்களையும் மட்டும் ஒட்டவைத்து ஒரு சுற்று உருவாக்கினோம். சர்வே எண் பார்த்து, கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, காப்புக்காட்டு எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று நடந்தே பார்த்து வந்தோம். சைக்கிளில் போனால் எல்லைக் கல் கண்ணில் படாது.

தடத்தின் உயிர் தெற்குச் சரிவில் இருக்கும் பெரிய பாறை. அகலமான ஒரே கல், சாய்வாக ஏரியை நோக்கி இறங்குகிறது. காய்ந்த பாறையில் டயர் பல்லி மாதிரி ஒட்டும். பயமில்லாமல் உடம்பைப் பின்னுக்குத் தள்ளி இறங்கலாம். ஆபத்து பாறையில் இல்லை, அதன் மேல் உதிர்ந்து கிடக்கும் மணலில். வெயிலுக்கும் மழைக்கும் பாறையின் தோல் உரிந்து பொடிக் கல்லாகக் கிடக்கும். அதன் மேல் முன் பிரேக்கைப் பிடித்தால் அடுத்த நொடி ஆள் தரையில். பிரேக்கை அதற்கு முன்பே பிடித்து முடித்துவிட்டு, மணலைச் சக்கரம் உருண்டே கடக்க விட வேண்டும்.

இந்தப் பாறையை முழுக்கப் பாதையில் சேர்த்திருந்தோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு நின்றார். “தம்பி, இந்தப் பாறை மேல கொள்ளு காயுது பார். ஒரு சக்கரம் ஏறினாலும் கல்லும் மண்ணும் கலந்துடும். அப்புறம் யாரு பொறுக்கறது?”

எங்களுக்குச் சறுக்குப் பாறை, அவர்களுக்குக் களம். ராகியும் கொள்ளும் அங்கேதான் அடிப்பார்கள், காய வைப்பார்கள். புளி உலுக்கும் காலத்தில் புளியும் அங்கேதான். மேல் பாதியைக் காட்டி, “இங்க எதுவும் காய வைக்கறதில்லை, இதுல விடுங்க” என்று அவரே வழி சொன்னார். மேல் பாதியில் இறங்கி, பாறை விளிம்பில் இடது பக்கம் ஒடித்து, உண்ணிச்செடிப் புதருக்குள் நுழையும்படி மாற்றினோம். அந்தத் திருப்பம் வந்த பிறகுதான் தடமே சுவாரசியமானது. நேராக இறங்கியிருந்தால் தைரியம் மட்டும் போதும். இப்போது கையில் வித்தை இருந்தால்தான் ஒடிக்க முடியும்.

இன்னொரு நிபந்தனையும் பெரியவர்தான் சொன்னார். புளியமரத்தடியில் வேடியப்பன் இருக்கிறார். கையில் வில்லோடு ஒரு வீரன் செதுக்கிய நடுகல். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஊர்களில் நடுகற்களை இப்படி வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு நட்ட கற்கள் அவற்றில் நிறைய. ‘கோயில் எல்லைக்குள் வண்டியில் ஏறிப் போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும்’ என்றார். அப்படியே விதியில் சேர்த்தோம். ஏறி ஓட்டினால் அந்த ஓட்டம் செல்லாது. மூச்சு வாங்க மேட்டில் ஏறி வந்தவர்களுக்கு அந்த நாற்பது ஐம்பது அடி நடை நன்றாகவே இருந்தது. செருப்பைக் கழற்றுவது போல ஹெல்மெட்டைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனவர்களையும் பார்த்தேன்.

பாதுகாப்பில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது தரைக்கிணறுகள். இந்தப் பக்கம் தோட்டக் கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. வரப்பு முடிகிற இடத்தில் திடீரென்று ஐம்பது அறுபது அடி ஆழத்துக்குத் திறந்து கிடக்கும். தடத்தை ஒட்டி அப்படி இருந்த இடத்தில் பாதையையே தள்ளி வைத்தோம். அது போதாதென்று மூங்கில் கட்டி, ஒரு ஆளையும் நிறுத்தினோம். திருப்பங்களுக்குச் சுண்ணாம்புத் தூளில் அம்பு. திருப்பத்துக்கு முன்னால் ஒன்று, திரும்பியதும் ‘சரியான வழிதான்’ என்று சொல்ல இன்னொன்று, போகக் கூடாத வழியில் பெருக்கல் குறி. பலரும் முதல் அம்போடு நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது அம்புதான் ஓட்டுகிறவனுக்கு நிம்மதி. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எது, 108 வண்டி எந்த இடம் வரை வரும், அங்கிருந்து ஆளைத் தூக்கி வர எவ்வளவு நேரம் என்பதை முந்தின நாளே நடந்து பார்த்திருந்தோம். காவல் நிலையத்திலும் சொல்லி வைத்திருந்தோம்.

பந்தயத்தன்று கிருஷ்ணகிரி ஊரை ஒட்டிய சையது பாஷா மலை பனிக்குள் பாதி மறைந்திருந்தது. டீ குடித்துவிட்டு வண்டிகள் வரிசையாகக் கிளம்பின. களத்துமேட்டில் இறங்கியதும் எல்லோரும் செய்த முதல் காரியம், பிடிமானத்துக்காக டயரில் காற்றைக் குறைத்ததுதான். டியூப்லெஸ் போட்டவர்கள் 22, 25 பிஎஸ்ஐக்கு இறக்கினார்கள். டியூப் வைத்திருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. குறைத்தால் பாறை விளிம்பில் டியூப் நசுங்கிக் கிழியும். அதோடு வேலிக்காத்தான் முள் வேறு. இந்த ஊருக்கு வருகிறவர்கள் டயருக்குள் சீலன்ட் (முள் குத்திய ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றிக்கொண்டு வருவதே நல்லது.

ஏழு கிலோமீட்டர்ச் சுற்று, இரண்டு முறை. ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக விட்டோம். ஒற்றையடிப் பாதையில் கூட்டமாக விட்டால் முந்த இடமில்லாமல் வரப்பை மிதிப்பார்கள், அடுத்தவன் நிலத்தில் ராகித் தாள் மேல் ஏறுவார்கள். நேரம் பார்க்கிற முறையை ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியே இருக்கவில்லை. இங்கே பொங்கலை ஒட்டி எருது விடும் விழா நடக்கும். குறிப்பிட்ட தூரத்தைக் குறைந்த நொடியில் கடக்கும் மாட்டுக்குப் பரிசு. அந்த ஊரில் மாட்டுக்கு நேரம் பார்க்கிற ஒருவர் வந்து, எங்கள் நோட்டை வாங்கிக்கொண்டு முடிவுக் கோட்டில் உட்கார்ந்துவிட்டார். முன் சக்கரம் சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டதும் அவர் குரல் வரும். இரண்டு ஃபோனில் நாங்கள் குறித்த நேரமும் அவர் சொன்ன நேரமும் பிசகவே இல்லை.

முதல் சுற்றில் பாறைத் திருப்பத்தில் ஒருவர் விழுந்தார். மணலில் முன் பிரேக். முழங்கை நன்றாக உரசியிருந்தது. சலைன் விட்டுக் கழுவி, சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய்த் தடுப்பூசி போட்டு வந்தார்கள். அதோடு சரி.

ஆடு மேய்க்க வந்த ஒரு பையன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள் வைத்திருந்தான். “அண்ணா, அந்தப் பாறையில எல்லாரும் வலது பக்கமே வர்றாங்க. இடது பக்கம் ரெண்டு கல்லுக்கு நடுவுல மணலே இருக்காது, என் ஆடு அதுலதான் இறங்கும்” என்றான். போய்ப் பார்த்தோம். இரண்டு கற்களுக்கு நடுவில் ஒரு கைப்பிடி அகலத்துக்குச் சுத்தமான பாறை, ஆட்டுக் குளம்பு பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்தது. இரண்டாவது சுற்றில் அந்த வழியை எடுத்தவர்கள் எல்லோருக்கும் நேரம் குறைந்தது. பாறையில் அவனை அந்தச் சைக்கிளில் விட எங்களுக்கு மனமில்லை. அதற்கு அந்த பிரேக் போதாது. ஹெல்மெட் கொடுத்து ஏரிக்கரைச் சுற்றில் ஓட்டச் சொன்னோம். கியர் இல்லாத சைக்கிளில் எழுந்து நின்று மிதித்து அவன் கரை மேல் ஏறியபோது எழுந்த சத்தம், வெற்றி பெற்றவருக்குக்கூட எழவில்லை.

முடிந்ததும் ராகிக் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும். தை மாதத்து அவரையைப் பிதுக்கி வைத்த குழம்புக்கு ஈடு கிடையாது. ஊர் வீடுகளில் சமைத்துக் கொடுத்தார்கள், அதற்கான பணத்தைக் கையோடு கொடுத்தோம். முதலில் வந்தவருக்குப் பெரியவர் ஒரு துண்டு போர்த்தி, ஒரு பை கொள்ளும் கொடுத்தார். கோப்பை எதுவும் வைக்கவில்லை.

கடைசி ஆள் பின்னாலேயே நாங்கள் இருவர் நடந்து, கட்டிய நாடாக்களை அவிழ்த்து, சுண்ணாம்பு அம்புகளைக் காலால் கலைத்து, ஓட்டுகிறவர்கள் சாப்பிட்டுப் போட்ட சத்து ஜெல் உறைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தோம். அம்பை விட்டுவைத்தால் அதுவே அடுத்தவனுக்கு வரைபடம்.

அடுத்த பந்தயம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தனி ஓட்டமாக இருக்கும். ஏரிக்கரையில், அரசு சைக்கிளில். அதற்குமுன் அந்தச் சைக்கிள்களுக்கு பிரேக் கட்டை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். மா பூத்துப் பிஞ்சு விடும் மாதங்களில் தோப்புக்குள் நுழைய மாட்டோம் என்பதும் பேசி முடித்த விஷயம். தேதி, கொள்ளு களத்தை விட்டு ஏறிய பிறகுதான் முடிவாகும். வர விருப்பம் இருந்தால், எங்களோடு ஏற்கெனவே ஓட்டிய யாரையாவது பிடியுங்கள். முதலில் ஒரு ஞாயிறு சும்மா வந்து எங்களோடு ஓட்டுங்கள், வரப்பில் எப்படிப் போகிறீர்கள் என்று பார்க்கிறோம். இடம் அப்புறம் தானாக வந்து சேரும்.